தாளம் உட்காரும் இடம்: ராக் இசையின் பாணிகள்

ராக் இசைப் பிரியர்கள் இரண்டு பேர் ஒரே அறையில் இருந்தால் அரை மணி நேரத்துக்குள் வாக்குவாதம் தொடங்கிவிடும். பீட்டில்ஸா, ரோலிங் ஸ்டோன்ஸா? செப்பலினா, சபாத்தா? கல்லூரி விடுதியில் தேய்ந்துபோன கேசட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டபடி இப்படிக் கழிந்த இரவுகள் எத்தனையோ. அந்த நாட்களில் நான் கிடார் வாசிப்பவரை வைத்துத்தான் ஒரு குழுவை எடைபோடுவேன். யார் விரல் வேகமாக ஓடுகிறதோ அவர் குழு பெரிய குழு. முப்பது வருஷம் கேட்டபின் அந்த அளவுகோல் கையைவிட்டுப் போய்விட்டது. பாட்டைக் கேட்கும்போதே மிருதங்கம் எப்படி ஒட்டிப் போகிறது என்று காதைத் தீட்டிக்கொள்கிற பழைய ரசிகர்கள் நம் சபாக்களில் உண்டல்லவா, அவர்களைப் போல இப்போது நான் முதலில் டிரம்ஸைக் கேட்கிறேன். அடி எங்கே விழுகிறது, அதன்மேல் மற்றவர்கள் எப்படி உட்காருகிறார்கள் என்பதில்தான் ஒவ்வொரு பாணியும் பிறந்திருக்கிறது என்பது என் கட்சி.

எல்லாப் பாணிக்கும் மூலம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ். மிசிசிப்பியில் பண்ணை வேலை பார்த்த மடி வாட்டர்ஸ் 1943இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். நகரத்து மதுக்கூடங்களின் இரைச்சலில் சாதாரணக் கிடார் காதில் விழாது, மின்கிடாரை எடுத்தார். சக் பெர்ரி அதே ப்ளூஸை முடுக்கிவிட்டு, பள்ளிப் பிள்ளைகளின் காரும் காதலுமாகப் பாட்டெழுதினார். 1961இல் லண்டனுக்கு அருகே டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில் மிக் ஜாகர் கையில் இந்த இருவரின் இசைத்தட்டுகள் இருந்தன. அதைப் பார்த்துத்தான் கீத் ரிச்சர்ட்ஸ் பேச்சுக் கொடுத்தார். மடி வாட்டர்ஸின் பாட்டு ஒன்றின் பெயரையே அவர்களின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு சூட்டிக்கொண்டது.

ரோலிங் ஸ்டோன்ஸில் டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸ் ஜாஸ் மேல் உயிரை வைத்திருந்தவர். அவர் வாசிக்கும் காணொளி எதையாவது எடுத்து, அவருடைய வலது கையை மட்டும் பாருங்கள். இடப்பக்கம் ஜால்ரா போல இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்; அதற்கு ஹை-ஹாட் என்று பெயர். மற்ற வாசிப்பாளர்கள் அதை இடைவிடாமல் தட்டிக்கொண்டே ஸ்னேர் என்ற டிரம்மையும் அடிப்பார்கள். சார்லியோ ஸ்னேரில் இடது கை இறங்கும் அந்தக் கணத்தில் வலது கையைத் தூக்கிவிடுவார். தட்டின் ஒலி நின்று, ஸ்னேர் அடி தனியாக வந்து விழும். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு சின்ன மூச்சு. ஐம்பத்தெட்டு வருஷம் அந்த மூச்சின்மேல்தான் அந்தக் குழு நின்றது.

பெரும்பாலான குழுக்களில் டிரம்ஸ் முன்னே போக, மற்றவர்கள் பின்னே வருவார்கள். ஸ்டோன்ஸில் கீத்தின் கிடார் இழுக்கும், சார்லி அதன் பின்னால் போவார். கீத் ஆறாவது தந்தியைக் கழற்றிவிட்டு ஐந்தே தந்தியைத் திறந்த சுருதியில் கட்டி வாசிப்பவர். 1969இல் வந்த ‘ஹாங்கி டாங்க் விமன்’ பாட்டில் முதலில் மாட்டுமணி தட்டும், பிறகு டிரம்ஸ் நுழையும். இரண்டும் சரியாகப் பொருந்தாது. போகப் போகக் காலப்பிரமாணமும் ஏறிக்கொண்டே போய், முடிவில் பாட்டு தொடங்கியதைவிட வேகமாக இருக்கும். இன்றைய ஸ்டூடியோவில் கணினியில் போட்டு நேராக்கிவிடுவார்கள். அப்படி நேராக்கினால் அந்தப் பாட்டில் மிச்சம் எதுவும் இருக்காது.

லிவர்பூல் பாணி வேறு. ஹாம்பர்க் இரவு விடுதிகளில் ராத்திரி முழுக்க வாசித்துத் தேறியவர்கள் பீட்டில்ஸ். முதல் ஆல்பத்தின் பத்துப் பாட்டுகளை 1963 பிப்ரவரி 11 அன்று, ஒரே நாளில் பதிவு செய்தார்கள். சளி பிடித்த தொண்டையோடு ஜான் லெனன் கடைசிப் பாட்டைக் கத்தி முடித்தார். அதே குழு மூன்றே வருஷத்தில், 1966 ஆகஸ்டில், மேடைக் கச்சேரியையே நிறுத்திவிட்டு ஸ்டூடியோவை ஒரு வாத்தியமாக எடுத்துக்கொண்டது. ரிங்கோ ஸ்டாரைச் சாதாரண வாசிப்பாளர் என்று சொல்பவர்களோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. அவர் இடக்கைக்காரர், வலக்கைக்காரர்களுக்காக அடுக்கிய டிரம்ஸில் உட்கார்ந்தார். அதனால் ஒரு டிரம்மிலிருந்து இன்னொன்றுக்குக் கை போகும் வழியே மாறிப்போனது. பாட்டின் இடைவெளியில் அவர் நிரப்புகிற சின்னக் கோர்வைகள் ஒரு நொடி தயங்கி, எதிர்பாராத இடத்தில் வந்து இறங்கும். ‘எ டே இன் த லைஃப்’ பாட்டில் பாடகரின் ஒவ்வொரு வரிக்கும் அவர் டிரம்ஸால் பதில் சொல்கிறார். பக்கவாத்தியத்துக்கு இதைவிடப் பெரிய இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

கனத்த ராக் பிறந்தது பர்மிங்காம் பட்டறைகளுக்கு நடுவே. பதினேழு வயது டோனி அயோமி தகரத் தொழிற்சாலையில் கடைசி நாள் வேலைக்குப் போனபோது, இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவரும் இடக்கைக்காரர்தான், தந்தியை அழுத்துவது வலது கை. மனமொடிந்து கிடந்தவரிடம் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கியும் உலகப் புகழ் பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்த தட்டு அது. அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்துகொண்டார். அதன்மேல் தோல் ஒட்டினார். மெல்லிய தந்தி போட்டார். பிறகு சுருதியையும் இறக்கிக் கட்டினார். பிளாக் சபாத்தின் அந்த இருண்ட கனம் அடிபட்ட கையிலிருந்து வந்தது. 1970 பிப்ரவரியில் வெளியான முதல் ஆல்பம் மழைச் சத்தத்தோடும் மணியோசையோடும் தொடங்கும். தொடர்ந்து வருகிற ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் வரி, ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்யமத்துக்குப் போய் அங்கேயே நிற்கும். கல்யாணியில் மங்களமாக ஒலிக்கிற ஸ்வரஸ்தானம்தான். துணைக்கு வேறு ஸ்வரம் இல்லாமல் தனியே நிறுத்தினால் எப்படி அச்சமூட்டும் என்பதை அங்கே கேட்கலாம். பில் வார்டின் டிரம்ஸில் ஜாஸின் ஊஞ்சலாட்டம் இருப்பதால்தான் அந்தக் கனம் நம்மை நசுக்கிவிடாமல் நகர்கிறது. பின்னால் வந்த எத்தனையோ மெட்டல் குழுக்கள் கனத்தை எடுத்துக்கொண்டன, ஊஞ்சலை விட்டுவிட்டன.

லெட் செப்பலினின் ஜான் பானமும் அந்த வட்டாரத்துக்காரர். 1971இல் வந்த ‘வென் த லெவி பிரேக்ஸ்’ பாட்டுக்காக, ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் கூடத்தில், மாடிப்படிக்குக் கீழே டிரம்ஸை வைத்தார்கள். மேலே இருந்து இரண்டு மைக்குகள் தொங்கின. அந்த ஒலியில் சுவரும் கூரையும் சேர்ந்து வாசிக்கின்றன. பாட்டின் பொருள் வெள்ளம். 1927இல் மிசிசிப்பி கரையுடைத்த பேரழிவைப் பற்றி மெம்ஃபிஸ் மினியும் கன்சாஸ் ஜோவும் 1929இல் பதிவு செய்தது. தங்கள் ஆல்பத்தில் செப்பலின் குழுவினர் மெம்ஃபிஸ் மினியின் பெயரைப் போட்டார்கள். எல்லா இடத்திலும் அப்படிச் செய்யவில்லை. ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டுக்காக ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. பிறகு சமரசம் ஆயிற்று. செப்பலினை உயிராக நேசிக்கிறவன் நான். ஆனாலும் யாரிடம் கற்றோம் என்று சொல்வது வாசிப்பின் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன். குழுக்களை வரிசைப்படுத்தும்போது இந்தக் குறையைக் கணக்கில் எடுக்காமல் விட என்னால் முடிவதில்லை.

இருபது நிமிஷம் ஓடும் புராகிரெசிவ் ராக் பாட்டுகளில் பலவற்றோடு எனக்கு ஒட்டவில்லை. கணக்கு மேலோங்கிவிடுகிறது. பிங்க் ஃபிளாய்ட் மட்டும் விதிவிலக்கு. 1973இல் வந்த ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பத்தில் ‘மனி’ பாட்டு ஏழு எண்ணிக்கையில் போகிறது. நாணயம் விழுவது, காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி திறப்பது என்று ஏழு ஓசைகள். நாடாவை அளந்து வெட்டி ஒட்டி ஒரு வளையமாக்கினார்கள். அதுவே தாளம். மிஸ்ர சாபு பழகிய காதுக்கு அந்த ஏழு கொஞ்சமும் அந்நியமாக இராது. கிடார் தனியாகப் பேசும் இடத்தில் நான்குக்கு மாறி, மறுபடி ஏழுக்குத் திரும்பும்போது உடம்பு சிலிர்க்கும். கணக்கு இங்கே பாட்டுக்கு அடங்கி நடக்கிறது.

நீண்ட பாட்டுகளுக்கு எதிராக நியூயார்க்கிலிருந்து ரமோன்ஸ் வந்தார்கள். 1976இல் வெளியான முதல் ஆல்பத்தில் பதினான்கு பாட்டுகள், மொத்தம் அரை மணி நேரத்துக்கும் குறைவு. வாசிக்கத் தெரியாதவர்கள் என்று அவர்களை ஏசினார்கள். அந்த வேகத்தில் நான்கு பேர் சிதறாமல் ஒன்றாக ஓடுவது எளிதல்ல என்பதை வாசித்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். லண்டனின் கிளாஷ் இன்னும் ஒரு படி மேலே போனது. 1979இல் வந்த ‘லண்டன் காலிங்’ ஆல்பத்தில் ரெகே, ஸ்கா, ராக்கபிலி எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. டிரம்ஸ் வாசித்த டாப்பர் ஹெடனின் கைகளுக்கு அத்தனை தாளமும் தெரிந்திருந்ததால்தான் அந்தக் குழு அத்தனை வீடுகளுக்குள்ளும் நுழைய முடிந்தது.

1980 செப்டம்பரில் ஜான் பானம் முப்பத்திரண்டு வயதில் இறந்தார். அவரில்லாமல் தொடர முடியாது என்று அறிவித்து, அந்த டிசம்பரிலேயே லெட் செப்பலின் கலைந்தது. உலகின் மிகப் பெரிய மேடைகள் காத்திருந்த நேரம் அது. 2021 ஆகஸ்டில் சார்லி வாட்ஸ் எண்பது வயதில் காலமானார். ஸ்டோன்ஸ் கலையவில்லை. ஸ்டீவ் ஜார்டனை டிரம்ஸில் உட்காரவைத்து அடுத்த மாதமே செயின்ட் லூயிஸில் சுற்றுப்பயணத்தைத் தொடங்கினார்கள். இந்த இரண்டு முடிவுகளில் எது சரி என்று நண்பர்களோடு இன்னும் விவாதிக்கிறேன். என் மனம் செப்பலின் பக்கம் சாய்கிறது. ஆனால் செயின்ட் லூயிஸில் அன்று இரவு கச்சேரி தொடங்கிய விதத்தை நினைத்தால் வாய் அடைத்துவிடுகிறது. மேடையில் ஒருவரும் இல்லை. திரையில் சார்லியின் படங்கள் ஓடின, தாளம் மட்டும் தனியாக ஒலித்தது.