விதைத் தேங்காயும் மனிதப் பிள்ளையும்

மதுரங்குளிப் பக்கத்துத் தோட்டக்காரர் விதைத் தேங்காய் பொறுக்கும்போது தாய்மரத்தைப் பார்த்தே பொறுக்குகிறார். அது அனுபவ அறிவு. அதே அளவுகோலை மக்கள்மீது வைத்து, பிள்ளை பெறத் தகாதவர் இன்னார் என்று அரசாங்கமே விதிக்கப் புகுந்தபோதுதான் அறிவு கொடுமையாயிற்று. 1883இல் பிரான்சிஸ் கால்டன் இக்கொள்கைக்கு யூஜெனிக்ஸ் என்று பெயரிட்டார். 1907இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் அதைச் சட்டமாக்கியது.

'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' என்பது நம்மவர் பழமொழி. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதையே தீர்ப்பாக எழுதிற்று. வேர்ஜீனியாவின் ஏழைப் பெண் கேரி பக், அவள் தாய், கைக்குழந்தை ஆகிய மூவரையும் மந்தபுத்தியினர் எனக் கொண்டு, கேரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய நீதிபதி ஹோம்ஸ் அனுமதித்தார். அம்மைப்பால் குத்தக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இதற்கும் பொருந்தும் என்பது அவர் வாதம். அம்மைப்பால் குத்திக்கொண்டவரையும் காக்கிறதே! கேரியை எது காத்தது? அந்தக் குழந்தையோ பின்னர் பள்ளியில் சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பெற்றது. எட்டு வயதில் நோயுற்று இறந்தது. 1933இல் ஜேர்மனி இயற்றிய சட்டத்துக்குப் பலியானோர் ஏறக்குறைய 4 லட்சம் பேர்.

இது அந்நியர் கதை என்று நாம் ஒதுங்க இயலாது. யூஜெனிக்ஸ் என்ற சொல் பிறக்குமுன்பே, 1871இல், பிரித்தானிய ஆட்சி இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அங்கே அறுவைக் கத்தி இல்லை. கைரேகைப் பதிவேடு இருந்தது. குற்றம் பிறப்பிலேயே வருகிறது என்னும் அடிப்படை மட்டும் ஒன்றே. 1920 ஏப்ரல் 3ஆம் நாள், மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில், பதிவுக்கு இணங்க மறுத்த பிரமலைக் கள்ளர் பலர் பொலிஸ் துப்பாக்கிக்கு இரையாயினர். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அச்சட்டம் நீங்கியது.

இக்கொள்கையால் ஆதாயம் அடைந்தவர் யார்? வறுமைக்கு இரத்தமே காரணம் என்றால், நிலத்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும் எவரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. ஆள்வோர் பொறுப்பு அத்துடன் கழிந்துவிடுகிறது. நல்ல விதையும் நீரின்றிக் கருகும் என்பதைத் தென்னை நட்டவர் அறிவார்.

ஆசிரிய நண்பர்களே, சட்டங்கள் போயின. ஆயினும் 'இவன் அப்பனும் இப்படித்தான்' என்று கூறி ஒரு பிள்ளையைக் கடைசி வாங்கில் இருத்தும்போது, அந்தப் பதிவேட்டில் நாமும் ஒரு பெயரை எழுதுகிறோம்.