சாமி படத்துக்குக் கீழே கடைப் பெயர்

ஒவ்வொரு வருடமும் ஆடிப் பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருடத்துக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். கனத்த புத்தகம். பக்கத்துக்கு ஒரு மாதிரி, மாதிரிக்கு ஒரு எண். ஏஜென்ட் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். மளிகைக் கடைக்காரர் புரட்டிப் பார்த்து ஒரு முருகன் மேல் விரலை வைத்து, "இதுல ஐந்நூறு போடுங்க" என்பார். கடைப் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுப்பார். வேலை முடிந்தது.

டிசைன் வேலைக்கு வரும் நம்மை 'போர்ட்ஃபோலியோ' என்ற சொல் பயமுறுத்துகிறது. ஆனால் கரிசல் பக்கத்தில் அந்தப் பொருள் பல வருடங்களாகக் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு ஆல்பம் என்று பெயர். ஒரு வித்தியாசம் உண்டு. அதைப் புரட்டுகிறவர், வரைந்தது யார் என்று கேட்பதில்லை.

எனக்கு ஊர் கடம்பூர். கோவில்பட்டியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, சென்னையில் ஒரு டிசைன் அலுவலகத்துக்கு நேர்காணலுக்குப் போனேன். பன்னிரண்டு வேலைகளை பிடிஎஃப் ஆக்கி வைத்திருந்தேன். உலகப் புகழ்பெற்ற ஷூ கம்பெனிக்கு நானாகப் போட்ட புது லோகோ, இல்லாத ஒரு காபிக் கடைக்கு பேக்கிங், யாரும் கேட்காத ஒரு செயலிக்குத் திரைகள். எல்லாமே ஆங்கிலத்தில். பார்த்தவர் கடைசிப் பக்கம் வரை போய்விட்டுக் கேட்டார்: "இதுல எது தம்பி அச்சாச்சு?"

ஒன்றும் ஆகவில்லை. அச்சானதையெல்லாம் நான் ஒளித்து வைத்திருந்தேன். காதணி விழா பேனர், தீப்பெட்டி பண்டல் உறை, எங்க ஊர்ப் போளிக் கடைக்கு ஓர் அட்டைப்பெட்டி. மாமன்மார் முகம் பதினாறு வரிசையாக நிற்கிற பேனரைச் சென்னையில் எப்படிக் காட்டுவது என்ற கூச்சம். வேலை கிடைக்கவில்லை. திரும்பி வந்த பிறகுதான், இத்தனை காலம் சுவரில் பார்த்துக்கொண்டே இருந்த கொண்டைய ராஜுவின் படங்களை ஒரு டிசைனராகப் பார்க்க ஆரம்பித்தேன்.

சி. கொண்டைய ராஜு பிறந்தது 1898இல், மறைந்தது 1976இல். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தார். பிறகு ஒரு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரையப் போனார். 1940களின் தொடக்கத்தில் அந்தப் பிழைப்பு அவரைக் கோவில்பட்டியில் கொண்டுவந்து விட்டது. இங்கேயே தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்ற சீடர்கள் சேர்ந்தார்கள். தேவி ஆர்ட் ஸ்டுடியோ உருவானது. இன்றைய கணக்கில், ஒரு தொழில் மூடி, ஊர் பேர் தெரியாத இடத்தில் நாற்பது வயதுக்கு மேல் முதலிலிருந்து தொடங்கிய ஆள் அவர்.

பக்கத்தில் சிவகாசி இருந்தது அதிர்ஷ்டம். கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் அங்கே தொழிலை ஆரம்பித்திருந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்துவிட்டால் அதற்கு வேறு வேலையும் வேண்டும். காலண்டர் அப்படித்தான் வளர்ந்தது. காலண்டருக்குப் படம் வேண்டியிருந்தபோது, கோவில்பட்டியில் படம் போடுகிற கைகள் தயாராக இருந்தன.

இந்தப் படங்களை 'காலண்டர் ஆர்ட்' என்று உதட்டைச் சுழித்துச் சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அந்தப் படத்தின் மீது எத்தனை நிபந்தனைகள் இருந்தன என்று யோசித்துப் பாருங்கள். கடைக்குள் நுழைகிறவனுக்குப் பத்தடி தூரத்திலேயே இது லட்சுமி, இது முருகன் என்று தெரிய வேண்டும். கீழே கடைப் பெயருக்கும் தேதித்தாளுக்கும் இடம் வேண்டும். அது சாமியின் காலை வெட்டிவிடக் கூடாது. வருடம் முடிந்ததும் தூக்கிப் போட மனசு வராமல், கத்தரித்துக் கண்ணாடி போட்டுப் பூஜையறையில் மாட்டத் தோன்ற வேண்டும். முதலாவது பார்வைத் தூரம், இரண்டாவது லேஅவுட், மூன்றாவது ஆயுள். டிசைன் வகுப்பில் சொல்லித் தருவதும் இதைத்தானே?

முதல் நிபந்தனைக்கான விடையை கொண்டைய ராஜு நாடகக் கொட்டகையிலிருந்து எடுத்து வந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாடகத் திரையில் தெரு, தர்பார், நந்தவனம் எல்லாம் பின்னால் தட்டையாக விரிந்திருக்கும். முன்னால் நடிகர் வந்து நம்மைப் பார்த்து நிற்பார். அவருடைய சாமிகளும் அப்படித்தான் நிற்கிறார்கள். மலை, அருவி, மண்டபம் எல்லாம் பின்னால் ஒதுங்கிக்கொள்ள, சாமி மட்டும் நம்மை நேராகப் பார்க்கிறது. எந்தப் பக்கம் நின்றாலும் பார்க்கிறது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிக்கு வேண்டியதும் அதுதான்.

இத்தனை பாராட்டிய பிறகு குறையையும் சொல்ல வேண்டும். நான் பார்த்த அளவில் அந்தப் படங்களில் கரிசல் இல்லை. கறுப்பு மண், வெடிப்பு, பருத்திச் செடி, கருவேலம், நாலு மாதமாக மழை பார்க்காத வானம் எதுவும் இல்லை. எல்லாம் பச்சை மலை, தாமரைக் குளம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவலில் உட்கார்ந்து கி. ராஜநாராயணன் இந்த மண்ணை எழுதினார். அதே காலத்தில் கோவில்பட்டியில் உட்கார்ந்து கொண்டைய ராஜு இந்த மண்ணில் இல்லாத தண்ணீரை வரைந்தார். முதலில் இதை நான் பொய் என்று நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். தண்ணீர் இல்லாத ஊரில் சுவரில் தண்ணீரை மாட்டிக்கொள்கிறவன் ஏமாளி இல்லை. ஆனாலும் மாரியம்மன் முகம் முதல் சரஸ்வதி முகம் வரை ஒரே சிவப்பு, ஒரே வழுவழுப்பு. நம் தெருவின் நிறம் எந்தத் தெய்வத்துக்கும் வரவில்லை. வாங்குகிறவரின் விருப்பத்துக்கு வரைகிற கலை கொடுக்கிற விலை அது. அதை மறைக்க வேண்டியதில்லை.

அவருடைய படங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கையெழுத்து. பல படங்களின் மூலையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. குருவின் பெயர், பக்கத்தில் சுப்பையா அல்லது ராமலிங்கம். நகலெடுத்துத்தான் அங்கே கற்றார்கள். ஒரே படத்தில் பல கைகள் வேலை செய்தன. யார் எதை வரைந்தார் என்று பிரிக்க முடியாது. இன்றைய போர்ட்ஃபோலியோ இதற்கு நேர் எதிர். எல்லாம் 'என்' வேலை, 'என்' ஸ்டைல். நாலு பேர் சேர்ந்து செய்த வேலையை நாலு பேரும் தனித்தனியாகத் தன்னுடையது என்று பிஹான்ஸில் போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். மூலையில் இரண்டு பெயர் போடுவது எவ்வளவு சாதாரணமான நேர்மை! அந்த இரண்டு பெயருக்கும் அப்பால், பெயரே வராத கைகளும் அங்கே இருந்திருக்கும். தீப்பெட்டி லேபிள் போட்டவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

பிறகு நான் போர்ட்ஃபோலியோவை மாற்றினேன். ஷூ லோகோவை எடுத்துவிட்டேன். முதல் பக்கத்தில் போளிப் பெட்டி. முதலில் நான் கொடுத்தது வெள்ளைப் பெட்டி, நடுவில் மெல்லிய எழுத்தில் கடைப் பெயர், அவ்வளவுதான். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி, இதுல போளி எங்க?" என்றார். அந்த வெள்ளைப் பெட்டியையும், அவர் கேட்ட கேள்வியையும், கடைசியில் அச்சான பெட்டியையும் வரிசையாக வைத்தேன். எண்ணெய் பட்டால் எந்த நிறம் கறையைக் காட்டாது, தமிழ் எழுத்து எந்த அளவுக்குக் கீழே போனால் மலிவு அட்டையில் மை பரவி அடைத்துக்கொள்ளும் என்பதை எழுதினேன். எழுத்தை வரைந்து கொடுத்தது ஃப்ளெக்ஸ் கடையில் என் பக்கத்து சீட்டு அண்ணன். அவர் பெயரையும் என் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

அடுத்த நேர்காணல் இன்னும் வரவில்லை. காதணி விழா பேனரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று மட்டும் இன்னும் யோசனை. பதினாறு மாமன் முகத்தையும் ஒருவருக்கும் மனஸ்தாபம் வராமல் வரிசைப்படுத்தியிருக்கிறேன். அது லேஅவுட் இல்லையென்றால் வேறு எது?