கால் ஊன்றாதவர்களின் பூட்ஸ்

மோட்டார் சைக்கிள் விளையாட்டுகளில் வேகத்துக்கு மதிப்பே இல்லாத ஒன்று உண்டு. டிரயல்ஸ் என்று பெயர். பாறைக் குவியல், ஓடை, வேர் புடைத்த செங்குத்துச் சரிவு என்று கடினமான ஒரு சிறு பகுதியை நாடா கட்டிப் பிரித்து வைத்திருப்பார்கள். உள்ளே நுழைந்த ஓட்டுநர் கால் ஊன்றாமல் மறுமுனைக்குப் போய்ச் சேரவேண்டும். ஒரு தடவை ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு தடவை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை தடவை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ 5. கடைசியில் யாரிடம் புள்ளி குறைவோ அவருக்கே வெற்றி.

பாதத்துக்கு இவ்வளவு கணக்கு வைத்திருக்கும் ஆட்டத்தில், பாதத்தில் என்ன மாட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. வண்டியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஓட்டுநரைப் பற்றியும் பேசுகிறார்கள். பூட்ஸைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அதன் அருமை கடையில் தெரிவதில்லை, வண்டியில் ஏறி நிற்கும்போதுதான் தெரியவரும்.

டிரயல்ஸ் வண்டிக்கு இருக்கை என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. எடை சுமார் 70 கிலோ. ஓட்டுநர் நின்றபடியேதான் ஓட்டுவார். கைப்பிடி திருப்புவதற்கு இருக்கிறது, உண்மையில் வண்டியைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதும் துள்ளவைப்பதும் பல் வைத்த அந்த இரண்டு கால்மிதிகள் வழியாகத்தான். பின் டயரில் 4 பிஎஸ்ஐ அளவுக்கே காற்று இருக்கும். அந்தத் தொளதொளத்த ரப்பர் ஈரப் பாறையைக் கவ்வுகிறதா, வழுக்கத் தொடங்கிவிட்டதா என்ற சேதியை முதலில் வாங்குவது உள்ளங்கால். கண்ணுக்கும் காதுக்கும் அது பிறகுதான் எட்டும். 2007 முதல் 2024 வரை ஓர் ஆண்டுகூட விடாமல் உள்ளரங்கிலும் வெளியிலும் உலகப் பட்டத்தை வென்று 36 பட்டங்கள் சேர்த்த காட்டலோனியாவின் டோனி போவ் தன்னைவிட உயரமான பாறையில் பின் சக்கரத்தால் தொற்றி ஏறி நிற்கும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கைகள் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கணுக்கால்கள் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும்.

மோட்டோகிராஸ் பூட்ஸை மாட்டிக்கொண்டு இதைச் செய்யமுடியாது. அது பிளாஸ்டிக் கவசம். நான்கு பக்கிள், கணுக்காலில் கீல், முழங்காலுக்குக் கீழே கெட்டியான கூடு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தூக்கியெறியப்படும் காலுக்கு அது தேவை, அதில் குறை காண ஒன்றுமில்லை. டிரயல்ஸில் வண்டி நடைவேகத்தில் நகர்கிறது. இங்கே ஆபத்தின் முகம் வேறு. பாறைக்கும் வண்டிக்கும் இடையில் கணுக்கால் மாட்டிக்கொள்ளும், கால்மிதியின் பல் கெண்டைக்காலைக் கிழிக்கும், சாய்ந்த வண்டி பாதத்தின் மேல் விழும். ஆகவே கணுக்கால் முட்டியின் இரு பக்கமும் கடினமான கிண்ணங்கள், முன்னங்காலில் ஒரு தகடு, விரல் நுனியில் காப்பு, அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் தோல். கணுக்கால் முன்னும் பின்னும் தாராளமாக மடங்கவேண்டும், பக்கவாட்டில் மட்டும் திரும்பக்கூடாது. இந்த இரண்டையும் ஒரே தோலில் கொண்டுவருவதில்தான் தைப்பவரின் கைத்திறமை இருக்கிறது.

நல்ல ஜோடியைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் புலப்படும். பக்கிள்கள் எல்லாம் வெளிப்புறத்தில் இருக்கும். வண்டியின் சட்டத்தை உரசும் உட்புறம் வழவழப்பாக, தடித்த ரப்பரோ தடித்த தோலோ வைத்துத் தைத்ததாக இருக்கும். விரல் பகுதி மெலிந்திருக்கும். வலது கால் நுனியில்தான் பின் பிரேக். அதை மிதிப்பதைவிடத் தடவுவது என்று சொன்னால் பொருந்தும், அத்தனை நுணுக்கமான அழுத்தம். தடித்த மூக்கு வைத்த பூட்ஸில் அந்த உணர்வு செத்துவிடும். கியர் நெம்புகோலை டிரயல்ஸ் வண்டியில் வேண்டுமென்றே வெகுதூரம் முன்னால் வைத்திருப்பார்கள், பகுதிக்குள் தவறிப் பட்டுவிடக்கூடாது என்று. அதனால் அந்தப் பக்கத்து மேல்தோலில் மோட்டோகிராஸ் பூட்ஸ் அளவுக்குத் தேய்மானம் வராது. பழைய ஆங்கிலேய வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம். அவர்கள் பூட்ஸ் தேயும் இடமும் மாறியிருக்கும்.

அடுத்து அடிப்பாகம். போட்டியாளர்கள் ஒவ்வொரு பகுதியையும் வண்டியில் கடப்பதற்கு முன் நடந்து பார்ப்பார்கள். எந்தக் கல் ஆடுகிறது, எந்தக் கல்லில் பாசி, எங்கே திரும்பவேண்டும் என்று மேலும் கீழும் ஏறி இறங்குவார்கள். ஒரு நாளின் பெரும்பகுதி இந்த நடையிலேயே கழியும். ஆக, இந்த பூட்ஸ் பாதி மலையேறுபவரின் பூட்ஸ். அந்த உறவு வரலாற்றிலும் இருக்கிறது. 1935-ல் புந்தா ராசிகா என்ற ஆல்ப்ஸ் சிகரத்தில் ஆறு பேர் இறந்தார்கள். அந்தக் குழுவை அழைத்துச் சென்ற இத்தாலியர் விதாலே பிரமானி, ஈரத்திலும் பனியிலும் பிடிக்கும் ரப்பர் அடியை உருவாக்குவதில் இறங்கினார். 1937-ல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரின் எழுத்துகளில் பிறந்ததுதான் விப்ரம். ஆழமான கட்டம் போட்ட அந்த அடியின் வம்சத்தில்தான் இன்றைய டிரயல்ஸ் பூட்ஸின் அடியும் வருகிறது. ஒரு வேறுபாடு, கால்மிதி பதியும் நடுப்பகுதியில் கட்டங்கள் ஆழம் குறைந்து நெருக்கமாக இருக்கவேண்டும். ஆழமான கட்டம் மிதியின் பல்லோடு சிக்கிக்கொண்டால், கால் எடுக்கவேண்டிய அரை நொடியில் எடுக்க வராது.

இவை பிறக்கும் ஊரும் மலையடிவாரம்தான். வடக்கு இத்தாலியில் திரெவீசோவுக்கு வடமேற்கே மொந்தெபெல்லூனா, அசோலோ, மாசெர் என்று ஒன்றையொன்று ஒட்டிய ஊர்கள். மலை பூட்ஸ் தைத்துப் பழகிய குடும்பங்கள் அங்கே ஏராளம். பனிச்சறுக்கு பூட்ஸும் ஒரு காலத்தில் உலகத்துக்கே பெரும்பாலும் இங்கிருந்துதான் போனது. அந்தச் சிறு வட்டத்துக்குள் 1960-ல் சிதி, 1962-ல் கயெர்னே, 1963-ல் ஆல்பைன்ஸ்டார்ஸ். மூன்றும் மோட்டார் சைக்கிள் பூட்ஸில் பெரிய பெயர்கள், மூன்றும் டிரயல்ஸுக்கென்று தனியாகத் தைக்கின்றன. கயெர்னேயின் எண்ணெய் ஊறிய பழுப்புத் தோல் பேலன்ஸ் மாடல் என் கண்ணுக்கு இந்த வகையிலேயே அழகானது. பளபளப்பு கிடையாது, கொட்டை எழுத்து விளம்பரம் கிடையாது. ஓராண்டு உழைத்த பிறகு இன்னும் அழகாகிவிடுகிற பொருள்கள் சிலவே. அவற்றில் ஒன்று.

எண்ணெய்த் தோலின் அருமை ஸ்காட்லாந்தில் விளங்கும். ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் ஃபோர்ட் வில்லியத்தை மையமாக வைத்து ஸ்காட்டிஷ் ஆறு நாள் டிரயல் நடக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 30 பகுதிகள், இடையிடையே சதுப்பும் ஓடையும் கரடும். காலையில் நனைந்த கால் மாலைவரை நனைந்தேதான் இருக்கும். பெல்ஃபாஸ்ட்காரர் சாமி மில்லர் 500 சிசி ஏரியல் வண்டியில் கொடிகட்டிப் பறந்து, பிறகு 1965-ல் 250 சிசி வகுப்பு ஸ்பானிய புல்டாகோவில் இதே போட்டியை வென்ற காலத்தில், பலர் மெழுகுத் துணி உடையும் ரப்பர் வெலிங்டன் பூட்ஸும் போட்டுத்தான் ஓட்டினார்கள். தண்ணீர் புகாது, பாதுகாப்பும் கிடையாது. இன்று நீர்புகாச் சவ்வு வைத்த பூட்ஸ் கிடைக்கிறது. ஓடையில் முழங்கால்வரை இறங்கினால் மேல்வழியே தண்ணீர் உள்ளே வந்துவிடும், வந்த தண்ணீரைச் சவ்வு வெளியே விடாது. நாள் முழுக்க நீரில் நிற்கும் போட்டிக்குச் சவ்வில்லாத நல்ல எண்ணெய்த் தோலே மேல். மழைத்தூறலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறவருக்குச் சவ்வு சுகம். நனைந்த பூட்ஸைக் கணப்புக்கு அருகே வைக்கவே கூடாது, தோல் வெடித்துவிடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஈரம் ஏற ஏற மாற்றி, நிழலில் உலர்த்தவேண்டும். உலர்ந்ததும் எண்ணெய்.

அளவுக்கு வருவோம். விலையைவிட இதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. டிரயல்ஸ் பூட்ஸை நின்ற நிலையில்தான் பார்த்து வாங்கவேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு எதுவும் தெரியாது. மாலையில் போங்கள், பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். ஓட்டும்போது போடும் அதே தடித்த சாக்ஸ், அதே முழங்கால் காப்பு, இரண்டும் உடன் வரட்டும். காப்பை உள்ளே விட்டு மேல் பக்கிள் எட்டாத பூட்ஸ் எவ்வளவு மலிவாக வந்தாலும் உதவாது. கெண்டைக்கால் பருத்தவர்கள் இதில்தான் அடிக்கடி ஏமாறுகிறார்கள். எல்லாப் பக்கிளையும் போட்டுக்கொண்டு, படியின் விளிம்பில் முன்பாதத்தால் ஏறி நில்லுங்கள். முழங்காலை மடக்குங்கள். குதிகாலை மெல்லக் கீழே இறக்குங்கள். வண்டியில் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கப்போகிறீர்கள். குதிகால் உள்ளே மேலெழும்பினால் அந்த ஜோடி உங்களுடையதல்ல. வண்டி பாறையில் ஏறும்போது ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளி அளவுக்கு உங்கள் அசைவு தாமதமாகும், கொப்புளம் வேறு. அடுத்து கீழ்நோக்கி நடந்து பாருங்கள், விரல்நுனி முன்சுவரில் இடிக்கக்கூடாது. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடம் போதும்.

தோல் அகலத்தில் இளகும், நீளத்தில் இளகாது. இந்த ஒன்றை நினைவில் வைத்தால் கடைக்காரர் சொல்லும் பாதிச் சமாதானங்களுக்குப் பதில் கிடைத்துவிடும். பக்கத்தில் லேசாக இறுக்கினால் வாங்கலாம், சில வாரங்களில் அமைந்துவிடும். விரலில் இடித்தால் வேண்டாம். பூட்ஸ் தைக்கும் இத்தாலிய அச்சுகள் பொதுவாக ஒடுக்கமானவை. அகலப் பாதம் உள்ளவர்கள் அதற்காக ஓர் அளவு பெரிதாக வாங்குவது வழக்கம், அது தவறான வைத்தியம். அகலப் பிரச்சினை தீர்ந்து குதிகால் பிரச்சினை வந்து சேரும். வேறு தயாரிப்பைத் தேடுவதே வழி. இரண்டு பாதமும் ஒரே அளவில் இருக்காது, பெரிய பாதத்துக்கு வாங்கிச் சிறியதற்கு உள்ளட்டை ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

விலை. பிரிட்டனில் தொடக்க நிலை பூட்ஸ் சுமார் 100 முதல் 150 பவுண்டுக்குள் கிடைக்கும், இத்தாலியில் தைத்தவை 250-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் போகும். இந்த இடைவெளியில் எதற்குப் பணம் தருகிறோம் என்று தெரிந்தால் சிக்கனம் எளிது. மலிவானவற்றில் மேல்தோல் பெரும்பாலும் பிளந்த தோல், மேலே பூச்சு. ஈரமும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் மடிப்பில் பூச்சு உதிரும். அடி ஒட்டியதாக இருக்கும், தேய்ந்தால் பூட்ஸே போயிற்று. விலை கூடியதில் முழுத் தோல், தைத்த அடி, தனியாக விற்கும் பக்கிள். அடியை ஒரு முறை மாற்றிவிட்டால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வாரந்தோறும் ஓட்டுகிறவருக்கு விலை கூடியதே மலிவு. மாதம் ஒரு முறை ஓட்டுகிறவர் மலிவானதை வாங்கினால் குறையொன்றுமில்லை. ஆனால் கணுக்கால் கிண்ணத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கட்டும், அட்டைபோல் குழிந்தால் அங்கேயே வைத்துவிடலாம். உள்நாக்கில் ஈஎன் 13634 என்ற ஐரோப்பியத் தரநிலை எண்ணும் அதன் கீழே நான்கு இலக்கங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உயரம், உராய்வு, வெட்டு, பக்கவாட்டு நசுக்கம் ஆகிய நான்குக்கும் 1 அல்லது 2 என்று மதிப்பிடுவார்கள். பாறையில் மாட்டும் காலுக்கு நான்காவது இலக்கம் முக்கியம்.

பழையதை வாங்குவோர் அடியைத் திருப்பிப் பார்த்தால் போதும். கால்மிதி பதிந்த இடத்தில் பல் தின்று குழி விழுந்திருந்தால் நிறைய உழைத்த ஜோடி. அதைவிட, அந்தத் தோல் இன்னொருவர் கணுக்காலுக்கு வளைந்து படிந்துவிட்டது, உங்களுக்காக அது திரும்ப நிமிராது. வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த நியாயம் பொருந்தாது. ஆறேழு மாதத்தில் பாதம் வளர்ந்துவிடுவதால் அவர்கள் பூட்ஸ் பெரும்பாலும் தேயாமலே கைமாறும், தயங்காமல் வாங்கலாம்.

நிறம், பெயர், சவ்வு இவற்றில் மிச்சம் பிடியுங்கள். குதிகாலிலும் அடியிலும் கணுக்கால் கிண்ணத்திலும் ஒரு பவுண்டுகூட மிச்சம் பிடிக்காதீர்கள். பட்டியலைப் பார்த்து அளவு எண் சொல்லி அஞ்சலில் வரவழைப்பதைவிட, ஒரு நாள் பயணம் செய்தாவது, படி உள்ள கடைக்குப் போய் நின்று பார்த்து வாங்குங்கள்.