கலப்பு என்ற சோம்பேறிச் சொல்

குணங்குடி மஸ்தான் சாகிபைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் தாயுமானவர் வந்துவிடுவார். ஐந்தாவது வாக்கியத்தில் சித்தர்கள். கூட்டம் முடிகிறபோது மத நல்லிணக்கம். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு மனசு நிறைந்துவிடுகிறது. மஸ்தானின் ஒரு கண்ணியைக்கூட யாரும் வாசிக்கவில்லை என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைக்கிறது.

இந்த நல்லெண்ணத்தின் மீது எனக்கு நெடுநாளாகச் சந்தேகம். கலப்பு, சங்கமம், பாலம் என்ற சொற்களெல்லாம் ஒரு காரியத்தைத்தான் செய்கின்றன: கவிஞனைப் படிக்கும் சிரமத்திலிருந்து நம்மை விடுவிக்கின்றன. இரண்டு பாத்திரங்களில் இருந்ததை மூன்றாவது பாத்திரத்தில் ஊற்றியவன் என்று சொல்லிவிட்டால் அவன் என்ன செய்தான் என்று பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

நான் குன்றாண்டார்கோவில் பக்கத்துக்காரன். பல்லவமல்லன் காலத்துக் கல்வெட்டு உள்ள குடைவரைச் சிவன்கோவிலும், அதன் முன்னால் தேர் வடிவில் சக்கரமும் குதிரையுமாகச் செதுக்கிய பிற்கால மண்டபமும் எங்கள் ஊர்ப் பெருமை. அந்தக் கல்சக்கரத்தில் உட்கார்ந்து விளையாடிய வயதில்தான் பச்சைத் தலைப்பாகையும் மயிற்பீலியுமாகப் பக்கிரி ஒருவர் ஊருக்குள் வருவார். சாம்பிராணிப் புகையைக் குழந்தைகள் முகத்தில் காட்டச் சொல்லி என் பாட்டி வாசலுக்கு ஓடுவாள். அவளுக்கு நாகூருக்கு நேர்ச்சை இருந்தது. என் முதல் முடி அங்கேதான் இறங்கியது. அவள் எதையும் கலக்கவில்லை. சிவனிடம் கேட்பதைச் சிவனிடம் கேட்டாள், ஆண்டவரிடம் கேட்பதை ஆண்டவரிடம் கேட்டாள். இரண்டு கணக்கையும் தனித்தனியாகவே வைத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

மாவட்டத்தின் தெற்கே, திருமயத்தைத் தாண்டி மதுரைச் சாலையில் காட்டுபாவா பள்ளிவாசல் இருக்கிறது. அடங்கியிருப்பவர் பெயர் பக்ருதீன். அந்த அரபுப் பெயரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ‘காட்டு’ முன்னால் வந்துவிட்டது. ஊருக்குப் பெயரே அதுதான். ஊர் எல்லையில், காட்டு வழியில் காவல் நிற்பவனை வணங்கிப் பழகிய மனசு தன் இலக்கணத்தில் ஒரு வலியுல்லாவை வாசித்துக்கொண்டது. இதைக் கலப்பு என்பதைவிட மொழிபெயர்ப்பு என்பது பொருந்தும். மொழிபெயர்ப்பில் மூலம் அழிவதில்லை. சில சமயம் மூலத்தில் இல்லாத ஒன்று கிடைத்துவிடுவதும் உண்டு.

நாகூரையே பார்க்கலாம். ஷாகுல் ஹமீது 16ஆம் நூற்றாண்டுக்காரர். 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். கொடியேற்றம், ஊர்வலம், சந்தனக்கூடு என்று கந்தூரியின் ஒழுங்கைக் கோவில் திருவிழாவோடு ஒப்பிட்டுக் காட்டுவது சுலபம். ஆனால் கந்தூரி என்ற சொல் பாரசீகத்தில் உணவு விரிப்பைக் குறிப்பது. விழா நடப்பது ஹிஜ்ரி மாதக் கணக்கில். இறந்த நாளை இறைவனோடு கூடிய நாளாகக் கொண்டாடுவது தமிழ்நாட்டில் முளைத்த வழக்கமல்ல, அஜ்மீரிலும் அதுதான். உள்ளூர் எது, வெளியூர் எது என்று கத்தரித்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் துணியே மிஞ்சாது.

1980களிலிருந்து தமிழ்நாட்டில் வலுப்பெற்ற தவ்ஹீத் பிரசாரம் இந்த வழக்கங்களைக் கடுமையாக மறுக்கிறது. கபுருக்கு முன்னால் கையேந்துவது இறைவனுக்கு இணைவைப்பது என்பது அவர்கள் வாதம். மார்க்கத்துக்குள் நடக்கும் விவாதம் அது. வெளியே நிற்கும் நான் தீர்ப்புச் சொல்வது அதிகப்பிரசங்கம். ஒன்றை மட்டும் சொல்லலாம். அவர்களும், அவர்களை எதிர்த்து தர்காவைப் புகழும் நம் நல்லிணக்கவாதிகளும் ஒரே அனுமானத்தில்தான் நிற்கிறார்கள்: அரபு என்றால் இஸ்லாம், தமிழ் என்றால் இந்து, ஸூஃபி என்றால் இடையில் எங்கோ. ஒருவருக்கு அது கறை, மற்றவருக்கு அலங்காரம்.

இந்த அனுமானம் கீழக்கரையில் உடைகிறது. 1816 முதல் 1898 வரை வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம், சட்ட நுணுக்கங்களில் கறாரான மார்க்க அறிஞர். அதே மனிதர்தான் காதிரிய்யா மரபில் கிளைத்த அரூஸிய்யா தரீக்காவின் ஷெய்கு. ஒரு கையில் ஃபிக்ஹ், மறு கையில் ஞானம். எழுதியது அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்துக்குள் உட்கார்ந்த தமிழில். எது எதற்குள் புகுந்தது என்று இங்கே எப்படிச் சொல்வது?

இனி மஸ்தானுக்கு வருகிறேன். தொண்டிக்கு அருகே குணங்குடியில் 1792இல் பிறந்த சுல்தான் அப்துல் காதிர், துறவு பூண்டு சென்னைக்கு வந்து 1838இல் மறைந்தார். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர் மீது நான்மணிமாலை பாடியிருக்கிறார். பகுதாதின் ஜீலானியைப் போற்ற முகியித்தீன் சதகம் எழுதிய அதே கை அகத்தீசன் சதகமும் எழுதியது. நம்மவர்கள் இரண்டாவதைக் கையில் எடுத்துக்கொண்டு முதலாவதைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ‘குணங்குடிச் சித்தர்’ என்ற பட்டம் அப்படிக் கிடைத்ததுதான். பட்டம் கொடுத்தபோது கவிஞனிடமிருந்து எதைப் பறித்துக்கொண்டோம் என்பதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

மனோன்மணிக்கண்ணியை எடுத்துக்கொள்கிறேன். கண்ணி என்ற வடிவம் தாயுமானவர் வழி வந்தது, சந்தேகமில்லை. மனோன்மணி சைவத்திலும் யோகத்திலும் புழங்கிய சொல். இவ்வளவையும் வைத்து, இது தமிழ்ப் பக்தியின் இன்னொரு கிளை என்று முடித்துவிடலாம். ஆனால் பேசுகிறவன் யார், பேசப்படுபவள் யார் என்று கேட்டவுடன் தரை நழுவுகிறது. ஆழ்வாரும் நாயன்மாரும் காதலில் பேசும்போது ஆன்மாவே பெண், இறைவன் ஆண். நம்மாழ்வார் பராங்குச நாயகியாக மாறியே அழுகிறார். மஸ்தானோ ஆணாகவே நின்று, பரம்பொருளைப் பெண்ணாக்கிக் கெஞ்சுகிறார். பாரசீகக் கவிதையில் லைலாவைத் தேடி மஜ்னூன் அலையும் திசை இது. அந்தத் திசையைத் தமிழில் சொல்ல லைலா என்ற பெயர் போதாமல், அல்லது அதைவிட உள்ளே போகும் பெயர் ஒன்று தேவைப்பட்டு, அவர் மனோன்மணியை அழைத்திருக்கிறார். சொல் சைவத்துடையது, அந்தச் சொல்லை நோக்கி நிற்கும் உடம்பின் நிலை வேறு.

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம், நானே சொல்லிவிடுகிறேன். திருக்கோவையாரைத் தலைவனே ஆன்மா, தலைவியே சிவம் என்று வாசிக்கும் மரபு நம்மிடம் உண்டு. ஆகவே தமிழுக்கு அந்தத் திசை முற்றிலும் அந்நியமல்ல. சரிதான். ஆனால் அங்கே அது உரைகாரர்கள் கண்டெடுத்த உட்பொருள், மூடிவைத்த அறை. மஸ்தான் அதை வாசலாக்கிவிட்டார். பாரசீகத்துக் காற்று வந்து தட்டியிராவிட்டால் அந்தக் கதவு திறந்திருக்குமா என்பது என் கேள்வி. இந்தத் தாக்கம் இரண்டு பக்கமும் ஓடியது என்பதுதான் விஷயம். இஸ்லாம் தமிழால் என்ன ஆனது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். தமிழ் இஸ்லாத்தால் என்ன ஆனது என்று ஏன் கேட்பதில்லை?

உமறுப்புலவரைப் பற்றியும் இதே வழுக்கல்தான். சீறாப்புராணத்தின் 5027 பாடல்களில் நாட்டுப்படலத்தை மட்டும் பிரித்தெடுத்து, அரேபியாவில் நெல் விளைகிறது பாருங்கள், தாமரை பூக்கிறது பாருங்கள் என்று மகிழ்வார்கள். அது காப்பிய மரபு கேட்கும் வாடகை. எந்தப் புலவரும் கட்டியே ஆக வேண்டும். காப்பியத்தின் உயிர் அங்கே இல்லை. எனக்கு அதைவிடத் துணிச்சலாகப் படுவது தக்கலை பீர்முகம்மது அப்பாவின் ஞானரத்தினக்குறவஞ்சி. சிங்கனும் சிங்கியும் கேள்வி பதிலாகக் குலாவும் தெருக்கூத்துச் சட்டகத்தில் தத்துவ விசாரம். தென்காசியில் பிறந்து, நெசவுத் தொழில் செய்தவர் என்று சொல்லப்படும் அவருடைய ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் ரஜப் 14 இரவில் தக்கலையில் கூடியிருந்து விடிய விடியப் பாடுகிறார்கள். முழு நூலும் வாயில் இருக்கிறது. நவீன தமிழ்க் கவிஞன் எவனுடைய தொகுப்புக்காவது இந்தப் பாக்கியம் உண்டா? நம் பத்திரிகைகள் அச்சடிக்கும் முந்நூறு பிரதிகளில் பாதி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

இலக்கிய வரலாற்றுப் புத்தகங்களில் இவர்களுக்கு ‘இஸ்லாமியர் தமிழ்த் தொண்டு’ என்று கடைசியில் ஓர் அத்தியாயம் ஒதுக்கப்பட்டிருக்கும். தொண்டு! விருந்தாளி பாத்திரம் கழுவிக் கொடுத்த மாதிரி. உவைஸும் அஜ்மல்கானும் தொகுதி தொகுதியாக உழைத்து வரலாறு எழுதி வைத்தார்கள். அதைத் திறந்து பார்க்காமலே அந்த அத்தியாயத்தை எழுதிவிட முடிகிறது.

போன மாதம் மனோன்மணிக்கண்ணியை ஒரு நண்பருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் தொழுகை தவறாதவர், தர்காவுக்குப் போகாதவர். பாதியில் நிறுத்தச் சொன்னார். பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு கண்ணி முன்னால் போய் மறுபடி அங்கிருந்து படிக்கச் சொன்னார்.