புள்ளியில் விரியும் நினைவு

உருவமே இல்லாத ஓவியத்தில் உணர்வதற்கு என்ன இருக்கிறது என்று வினவுவோர் நம்மிடையே பலர். சையது ஹைதர் ராசாவின் படைப்புகள் அவ்வினாவிற்கு நல்ல விடை தருகின்றன.

ராசா 1922ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில், வனத்துறை அலுவலர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பாடத்தில் மனம் பதியாத அச்சிறுவனை, ஆசிரியர் ஒருவர் சுவரில் புள்ளியிட்டு அதையே நோக்கியிருக்கச் செய்தாராம். 1950இல் பிரான்சு சென்று பல்லாண்டுகள் வாழ்ந்த பின்னும் அப்புள்ளி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1980ஆம் ஆண்டையொட்டி அது 'பிந்து' என்னும் கருவட்டமாக அவர்தம் ஓவியங்களின் நடுநாயகமாயிற்று.

1981இல் தீட்டிய ஓவியத்திற்கு அவர் 'மா', அதாவது 'தாய்' எனப் பெயரிட்டார். அதில் தாயின் முகம் இல்லை. கருவட்டமும் வண்ணப் பரப்புகளும் ஓர் இந்திக் கவிதை வரியுமே உண்டு. முகம் வரைந்திருப்பின் அது ஒருவரின் தாயாகவே நின்றிருக்கும். வட்டமோ காண்பார் அனைவர்தம் நினைவுக்கும் இடமளிக்கிறது. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவருக்கு அது விளக்கணைந்த இரவாகலாம். மற்றொருவருக்குக் கிணற்றின் வாயாகலாம். ஆயினும், அக்கருமையோடும் வட்டத்தோடும் தொடர்பற்ற நினைவை ஓவியத்தின் மேல் ஏற்றுதல் திறனாய்வு ஆகாது.

ஆசிரியர்களாகிய நாம் பொருளை முந்திக்கொண்டு உரைத்துவிட்டால், மாணவரின் நினைவுக்கு வாயில் அடைபடும். 'இஃது உனக்கு எதை நினைவூட்டுகிறது?' என முதலில் கேட்போம். 'எவ்வண்ணம், எவ்வடிவம் அதை எழுப்பியது?' என அடுத்துக் கேட்போம். கவிதை வகுப்பிற்கும் இவ்விரு வினாக்கள் பொருந்தும்.