பாதிச் சாட்சியம்

கருத்தடை கூடுமா, கூடாதா என்பது ஃபிக்ஹு நூல்களில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் மஸ்அலா. அதில் எந்தப் பக்கம் நின்று எழுதவும் ஆலிம்களுக்கு உரிமையுண்டு. ஆனால், இந்த வாதத்திற்குள் இப்பொழுது மருத்துவ ஆராய்ச்சியும் சாட்சியாக அழைத்து வரப்படுகின்றது. அழைத்து வருகிறவர்கள் அதனைப் பாதிவரை பேசவிட்டு வாயைப் பொத்திவிடுகிறார்களே, அதைத்தான் நாம் இங்கே ஆராய விரும்புகின்றோம்.

மாத்திரையை எடுத்துக்கொள்வோம். டென்மார்க்கில் 18 லட்சம் பெண்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டு வெளியான முடிவு, ஹார்மோன் கருத்தடை முறைகளைக் கையாண்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் 20 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது என்றது. இதை மட்டும் மேடையில் சொன்னால், கேட்கும் தாய்மார்களின் செவியில் நூற்றுக்கு இருபது பேர் என்றுதான் விழும். அதே ஆய்வு இன்னொரு கணக்கையும் தந்திருக்கின்றது: ஓராண்டுக் காலம் இம்முறைகளைக் கையாளும் ஏறத்தாழ 7,690 பெண்களில் ஒருவருக்கே இதனால் நோய் கூடுதலாக வருகின்றது. சிறிய தொகையில் ஐந்திலொரு பங்கு கூடினாலும் அது சிறிய தொகையே அல்லவா?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் 2005இல் கூட்டு ஹார்மோன் மாத்திரையைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்ததும் இவ்வாறே எடுத்தாளப்படுகின்றது. அந்த வகுப்பு ஆதாரத்தின் உறுதியைக் காட்டுவது, ஆபத்தின் அளவை அன்று. வெயிலும் அதே வகுப்பில்தான் இருக்கின்றது! சூலகத்திலும் கருப்பையின் உட்சுவரிலும் தோன்றும் புற்றுநோயை இம்மாத்திரை குறைக்கின்றது என்று அம்மையமே கூறியதை எவரும் எடுத்துரைப்பதில்லை.

மாத்திரை தீங்கற்றது என்பது நம் வாதமன்று. இரத்தம் உறைந்து கட்டியாகும் வாய்ப்பை அது கூட்டுகின்றது. இரத்த அழுத்தம் உடையவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதனைத் தொடக்கூடாது.

நம் வீடுகளை இன்னும் நேராகத் தொடுவது தாய்ப்பால் பற்றிய வாதம். அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் ஈராண்டுகள் முழுமையாகப் பாலூட்டுவதைக் குறிப்பிடுகின்றது. 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோ நகரில் கூடிய ஆய்வாளர்கள், பாலூட்டும் தாய்க்குக் கருத்தரிப்பிலிருந்து 98 சதவீதப் பாதுகாப்பு உண்டு என்றனர். இரண்டையும் முடிச்சுப் போட்டு, ஈராண்டுக்கும் வேறு கருத்தடையே வேண்டியதில்லை என்று தீர்த்துவிடுகிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கின்றது. ஆனால், பெல்லாஜியோ முடிவு மூன்று நிபந்தனைகளுடன் கூடியது. குழந்தை ஆறு மாதத்தைக் கடந்திருக்கக் கூடாது. தாய்ப்பாலே அதற்கு முழு உணவாகவோ ஏறத்தாழ முழு உணவாகவோ இருக்க வேண்டும். தாய்க்கு மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் அந்த 98 இல்லை.

வசனம் பேசுவதோ குழந்தையின் உரிமையை, தந்தையின் செலவுப் பொறுப்பை, பெற்றோர் கலந்தாலோசித்துப் பால் மறக்கச் செய்வதை. அதன்மீது கருத்தடைக் கணக்கை ஏற்றியவர்கள் இவர்களே. ஏழாம் மாதம் கஞ்சி ஊட்டத் தொடங்கிய இளந்தாய் ஒருத்தி இவர்கள் பேச்சை நம்பியிருந்து, மடியில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக நிற்க நேர்ந்தால், அவள் மனம் யாரை நோகும்? பேச்சாளரையா, வசனத்தையா? இவ்வளவு பெரிய ஆபத்தை எவ்வளவு எளிதாக விலைக்கு வாங்குகிறார்கள்!

முன்னோர் இப்படி வாதிடவில்லை. ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த நம் கடற்கரை ஊர்களுக்கு நெருக்கமானவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). இஹ்யாவின் திருமணப் பகுதியில் 'அஸ்ல்' முறையை ஆராயும்போது, பிரசவத்தால் மனைவியின் உயிருக்கு நேரும் ஆபத்தையும், பிள்ளைகள் பெருகுவதால் வரும் நெருக்கடியையும் அவர் காரணங்களாக ஏற்றார். பெண் மகவு பிறந்துவிடுமோ என்ற அச்சத்தை மறுத்தார். மறுபக்கம் இப்னு ஹஸ்ம் (ரஹ்), ஜுதாமா (ரலி) அவர்களின் அறிவிப்பைக் கொண்டு அஸ்லையே ஹராம் என்றார். இருவர் ஆதாரமும் எவரும் எடுத்துப் பார்க்கும்படி திறந்து கிடக்கின்றது. இன்றும் ஹராம் என்போர் ஜுதாமா (ரலி) அறிவிப்பை முன்வைத்து எழுதட்டும். ஜாபிர் (ரலி) அறிவிப்பைக் கொண்டு நாம் மறுமொழி எழுதுவோம். இடையில் டென்மார்க் பெண்களுக்கு என்ன வேலை?