காட்சியும் சாட்சியும்

கண்டவர்கள் மறைந்தபின் கண்டதைக் கூற வல்லவர் யார்? இவ்வினா இறையியல் பயில்வோருக்குப் புதியதன்று. இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் சிலவும் இதே வினாவின்முன் நிற்கின்றன. இரண்டாம் உலகப் போரின் கொடுமைகளினின்று உயிர் தப்பியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் வெறுமையாக்கிச் செல்லும் இடத்தை ஒலி, ஒளிக் கருவிகளால் நிரப்ப அருங்காட்சியகங்கள் முயல்கின்றன. இம்முயற்சி எம்மட்டும் செல்லலாம் என்பதை மூன்று இடங்களைக் கொண்டு ஆராய்வோம்.

முதலாவது, ஜப்பானின் ஹிரோஷிமா. 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு அந்நகர்மீது அணுகுண்டு வீசப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 மக்கள் மாண்டனர். 1955-இல் அங்கு நிறுவப்பட்ட சமாதான நினைவு அருங்காட்சியகத்தில், உடல் வெந்து தோல் தொங்க, கைகளை நீட்டியவாறு இடிபாடுகளினூடே நடந்துவரும் மனித உருவங்கள் பல்லாண்டுகள் வைக்கப்பட்டிருந்தன. 2017 ஏப்ரலில் அவை அகற்றப்பட்டன. மாண்டவர்கள் விட்டுச்சென்ற உண்மைப் பொருள்களுக்கே முதலிடம் தருவது என நிருவாகத்தினர் முடிவு செய்தனர். பிள்ளைகளின் உள்ளத்தில் போரின் கொடுமையைப் பதித்தவை அவ்வுருவங்களே என்று கூறி அம்முடிவை எதிர்த்தோர் உண்டு. உயிர் தப்பியோருள் சிலரோ, அன்று தாங்கள் கண்டது இதனினும் மிகக் கொடியது என்றனர். இக்கூற்று நம் சிந்தனைக்குரியது. செய்யப்பட்ட உருவம் அச்சம் ஊட்டலாம். ஆயினும் கண்டவரின் பார்வையில் அது உண்மைக்குக் குறைந்ததாகவே நிற்கிறது.

உருவங்கள் அகற்றப்பட்ட அதே ஆண்டில் அங்கு வேறொரு காட்சி அமைக்கப்பட்டது. வட்டமான மேடைமேல் வெண்ணிறத்தில் நகரின் மாதிரி இருக்கிறது. அதன்மேல் ஒளிப்படம் வீழ்த்தப்படுகிறது. ஆறுகளும் தெருக்களும் கூரைகளுமாக நகரம் விளங்குகிறது, குண்டு இறங்குகிறது, பேரொளி பரவுகிறது, தீ நகரை விழுங்குகிறது. நிகழ்ந்தது என்ன, எவ்வளவு பரப்பில் நிகழ்ந்தது என்பதை இதைவிட விரைவாக விளக்கிக்கூற இயலாது. எனினும் இதில் ஒரு குறை உண்டு. நாம் மேலிருந்து பார்க்கிறோம். குண்டு வீசியவர்கள் நகரைக் கண்டதும் வானிலிருந்துதான். அவ்வுயரத்திலிருந்து நோக்குபவனுக்குக் கூரைகள் தெரியும். கூரையின் கீழ் இருப்பவர் முகம் தெரியாது.

அக்குறையைத் தீர்ப்பது மற்றொரு கருவியன்று. துருப்பிடித்த மூன்றுசக்கர வண்டி ஒன்று. ஷினிச்சி என்னும் மூன்று வயதுச் சிறுவன் அன்று காலை தன் வீட்டின்முன் அதில் ஏறி விளையாடிக்கொண்டிருந்தான். அன்றிரவே அவன் இறந்தான். அத்துணைச் சிறிய பிள்ளையைத் தொலைவிலுள்ள கல்லறையில் தனியே விட மனம் வராத தந்தை, வீட்டுத் தோட்டத்திலேயே வண்டியுடன் அவனைப் புதைத்தார். நாற்பது ஆண்டுகள் சென்றபின், 1985-இல், எலும்புகளை எடுத்துக் குடும்பக் கல்லறையில் சேர்த்தார். வண்டியை அருங்காட்சியகத்திற்குக் கொடுத்தார். இன்று பார்வையாளர்கள் ஒளிக்காட்சியை முதலில் கண்டு, அதன்பின்னரே இப்பொருள்களிடம் வருகின்றனர். இவ்வரிசையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். கருவி வழியைக் காட்டிவிட்டு விலகிக்கொள்கிறது, பொருள் பேசுகிறது.

இரண்டாவது, அமெரிக்காவில் சிக்காகோவை அடுத்த ஸ்கோக்கி நகரிலுள்ள யூத இனப் படுகொலை அருங்காட்சியகம். 2017 முதல் இங்கு, நாஜி முகாம்களினின்று தப்பியோர் அரங்கில் அமர்ந்து நம் வினாக்களுக்கு விடை கூறுவதுபோன்ற காட்சி நடைபெறுகிறது. இம்முறையில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டவர் போலந்தில் பிறந்த பிங்கஸ் குட்டர். சிறுவனாயிருக்கையில் மைதானெக் முகாமில் பெற்றோரையும் தம்முடன் இரட்டையாகப் பிறந்த தங்கையையும் இழந்தவர். தங்கையின் முகம் அவருக்கு நினைவில் இல்லை; அவளது நீண்ட பின்னல் ஒன்றே நினைவிலிருக்கிறது. அவரைச் சூழப் பல படக்கருவிகளை நிறுத்தி, ஆயிரத்துக்கு மேற்பட்ட வினாக்களை வினவி, விடைகளைப் பதிவு செய்தனர். பார்வையாளர் வினவும்போது, கணிப்பொறி பொருத்தமான விடையைத் தேர்ந்து காட்டுகிறது. புதிதாக எதையும் அது இயற்றுவதில்லை. விடை இல்லையேல் இல்லை என்ற பொருள்படக் கூறிவிடுகிறது.

இவ்வமைப்பின் நேர்மை அந்த இல்லாமையில்தான் இருக்கிறது. குறைபாடும் உண்டு. நாம் அவரை வினவலாம்; அவர் நம்மை வினவ இயலாது. எதிரே ஒரு பிள்ளை அழுதால் அவர் தம் பேச்சை நிறுத்தமாட்டார். வருங்காலத் தலைமுறைக்குப் புதிதாய் எழும் வினாவுக்கு அவரிடம் விடை இராது. ஆயினும் அவர் பெயரால் கூறப்படும் ஒவ்வொரு சொல்லும் அவர் வாயினின்று வந்ததே.

மூன்றாவது, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஓவியர் சால்வடோர் டாலிக்கென அமைந்த அருங்காட்சியகம். டாலி 1989-இல் காலமானார். 2019-இல் அவரே தோன்றிப் பார்வையாளரை வரவேற்றார்! பழைய படச்சுருள்களைக் கொண்டு அவர் முகத்தின் அசைவுகளைக் கணிப்பொறிக்குக் கற்பித்து, அம்முகத்தை ஒரு நடிகருக்கு அணிவித்திருந்தனர். அவர் கூறியவற்றுள் சில அவருடைய சொற்கள்; சில இக்காட்சிக்கென எழுதப்பட்டவை. விடைபெறும்போது பார்வையாளருடன் படமும் எடுத்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் விளம்பரத்தையும் வேடத்தையும் விரும்பிய டாலிக்கு இது பொருந்தும் எனலாம். அவரளவில் நாம் குறைகூற முற்படவில்லை. எவை அவர் சொற்கள், எவை பிறர் எழுதியவை என்பதைக் காண்பவர் பிரித்தறிய இயலாது என்பதே நம் கவலை. இம்முறையை மைதானெக்கில் தப்பியவருக்குப் பயன்படுத்தினால் என்னவாகும்? அவர் மறந்த தங்கையின் முகத்தை ஒரு கருவி வருணித்துவிடலாம். கேட்போர் உருகுவர். ஆனால் அது பொய்யாயிருக்கும். உண்மையான இழப்பு அப்பொய்யினால் மூடப்பட்டுவிடும். நினைவிலிருந்தும் மறைந்துபோன அம்முகம்தான் அவருடைய சாட்சியின் மிக வலிய பகுதி.

படுகொலை நடக்கவேயில்லை என்று வாதிடுவோர் இன்றும் உளர். இட்டுக்கட்டிய ஒரு சொல் பிடிபட்டால், உண்மையான ஆயிரம் சொற்களையும் அவர்கள் பொய்யென்பர். ஆதலால் இது கலைநயம் பற்றிய வாதம் மட்டுமன்று. ஒலியும் ஒளியும் சாட்சியைச் சுமந்து செல்லலாம். சாட்சியாகத் தம்மைக் காட்டிக்கொள்ளலாகாது. விடுபட்டதை விடுபட்டதாகவே விட்டுவைக்கும் துணிவு காட்சி அமைப்போருக்கு வேண்டும்.

இவ்வளவுகோல் கருவிகளுக்கு மட்டும் உரியதன்று. அடக்க ஆராதனையிலும் நினைவுக் கூட்டத்திலும் மாண்டோரைப்பற்றிப் பேசும் கடமை நமக்கு உண்டு. கேட்போர் கண்கலங்க வேண்டுமென்று, இறந்தவர் கூறாத ஒரு சொல்லை அவர் வாயில் வைக்கும் சோதனை நமக்கும் வருகிறது. அன்று உடனிருந்தவர் எழுந்து, "ஐயா, அவர் அப்படிச் சொல்லவில்லையே" என்று திருத்தக்கூடும். ஹிரோஷிமாவைக் கண்டவருள்ளும் மைதானெக்கைக் கண்டவருள்ளும் அவ்வாறு எழுந்து திருத்துவோர் ஒருவரும் இல்லாத நாள் நெருங்குகிறது. அந்நாளுக்கென இன்று பதிவு செய்வோர் அதனை மனத்திற்கொள்வார்களாக.